தவளைக் காரின் பிரேக்

தவளை பட்டறையை விட்டுப் போனது ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். அந்த நேரத்தில் மதிவதனி தஞ்சாவூர் பார்சல் ஆபீஸில் நின்று, அதே காருக்கு வேண்டிய பிரேக் ஹோஸ்களும் ரப்பர் வாஷர்களும் அடங்கிய பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மன்னார்குடிக்கு வந்து, வெயிலில் பட்டறைக்கு நடந்தாள். கார் நின்ற இடத்தில் தார்ப்பாய் மட்டும் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடித்திருந்த ஒழுங்கை அவள் பார்த்தாள். திருடன் மடித்து வைக்க மாட்டான். தனக்கு எல்லா உரிமையும் உண்டு என்று நினைக்கிறவன்தான் மடித்து வைப்பான்.

எடுத்தது யார் என்று ஜாஹித் சொன்னான். பட்டறையில் வெல்டிங்கும் தகர வேலையும் அவனுடையது. எஞ்சினும் மற்றதும் அவளுடையது. அவன் ஜும்மா தொழுகை முடிந்து திரும்பியபோது, காரின் சொந்தக்காரர் பஞ்சநதத்தின் டிராக்டர் ஓட்டும் அரசப்பன் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பெடல் தரையைத் தொட்டதாம். இதில் பிரேக் வேலை இன்னும் முடியவில்லை, அக்கா சாமான் வாங்கத்தான் போயிருக்கிறது என்று ஜாஹித் சொல்லியிருக்கிறான். அரசப்பன் பேசாமல் இறங்கிப்போய், வெளியே நின்ற டிராக்டரிலிருந்து ஒரு கேனை எடுத்து வந்து பிரேக் டப்பாவில் ஊற்றினார். டிராக்டர் ஹைட்ராலிக்குக்கு ஊற்றுகிற எண்ணெய். ஊற்றி ஊற்றி மிதித்ததில் பெடல் மேலே எழும்பி நின்றுவிட்டது.

“‘பாரு தம்பி, கல்லு மாதிரி நிக்குது. இதுக்குப் போயி உங்கக்கா தஞ்சாவூர் வரைக்கும் போயிருக்கு’ன்னாருக்கா,” என்றான் ஜாஹித். “சாவியைக் கேட்டேன். அய்யா எடுத்துட்டு வரச் சொன்னாருன்னு கிளம்பிட்டாரு.”

மதிவதனி பெட்டியை மேசை மேல் வைத்தாள்.

டிராக்டர் கொட்டகையில் இருக்கிற எண்ணெய் எந்த வண்டிக்கும் ஆகும் என்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். பம்புசெட்டுக்கு ஊற்றி மிஞ்சியதை மொபெட்டுக்கு ஊற்றுவார்கள், மொபெட்டில் மிஞ்சியதைக் கதவுக் கீலுக்கு விடுவார்கள். ஆனால் அந்தக் காலத்துக் காரின் பிரேக்கில் உள்ள ரப்பருக்கு அந்த எண்ணெய் விஷம். ரப்பர் ஊறி ஊதும். ஊதியதும் பிரேக் பிடித்த பிடியை விடாது; சக்கரம் இறுகிச் சூடேறும். அப்புறம் ரப்பர் கூழாகிப் பிடிக்கவே பிடிக்காது. இடையில், வருடக்கணக்கில் வெடித்துக் கிடக்கிற பழைய ஹோஸ் ஒன்று பிய்த்துக்கொள்ளும். இதற்கு ஒரு நாள் போதும். மறுநாள் சாயங்காலம் பஞ்சநதத்தின் மகன் ராஜ்குமாருக்கு மாப்பிள்ளை அழைப்பு. தவளையில்தான் ஊர்வலம்.

தவளை என்பது ஊர் வைத்த பெயர். சிவப்பு நிறம், இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. முன்விளக்குகள் இரண்டும் பானெட்டின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது பஞ்சநதத்தின் அப்பா அதை வாங்கி வந்தார். பந்தயத்துக்கு ஓட்டுகிற கார் என்று சொல்லிக்கொண்டார்கள். மன்னார்குடி வட்டாரத்தில் அது மாட்டு வண்டியை முந்தியதைத் தவிர வேறு பந்தயம் எதிலும் ஓடவில்லை.

அந்தக் காரின் பிரேக் எப்போது செத்தது என்று யாருக்கும் நினைவில்லை. யாரும் பெரிதாகக் கவலைப்படவும் இல்லை. ஊர் தட்டை. கியரைக் குறைத்தால் வேகம் குறையும், காலைத் தளர்த்தினால் வண்டி தானாக நின்றுவிடும். அங்கே ஏற்றம் இறக்கம் என்று இருப்பதெல்லாம் ஆற்றுப் பாலங்கள்தான். பாலத்துக்கு அவர்கள் வேறு ஏற்பாடு செய்திருந்தார்கள். புளியங்கட்டையில் ஆப்பு மாதிரி செதுக்கிய ஒரு முட்டுக்கட்டை. அதைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தோடு கூடவே நடக்க ஓர் ஆள். இறக்கத்தில் வண்டி வேகமெடுத்தால் அவன் கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் போட வேண்டும். வண்டி அதில் முட்டி நிற்கும், மறுபடி எடுப்பான், மறுபடி போடுவான். அந்த ஆள் மருதையன். பஞ்சநதத்தின் வயலில் வேலை பார்த்தவர். மதிவதனியின் அப்பா.

பஞ்சநதத்தின் சொந்த மாப்பிள்ளை அழைப்பும் இதே காரில், இதே பாமணி ஆற்றுப் பாலத்தின் வழியாகத்தான் நடந்தது. அன்றைக்குக் கட்டை நழுவியது. மருதையனின் இடது காலில் இரண்டு விரல்கள் போயின. ஊர்வலம் நிற்கவில்லை. பிறகு ஒரு வேட்டியும் ஒரு மூட்டை நெல்லும் வீட்டுக்கு வந்தன. அந்த நெல் ஒழுங்காகக் காயாதது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருதையன் இருக்கும்போது பிரேக் எதுக்கு என்பது அந்த வீட்டில் ஒரு நகைச்சுவை. மதிவதனி அதை முதன்முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில், ராஜ்குமார் வாயிலிருந்து. இருவரும் ஒரே வகுப்பு. அவன் கேலியாகக்கூடச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னான். அவள் அவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தாள். வாத்தியார் அடித்தார். கோபக்காரி என்ற பெயர் அன்றைக்கு வந்தது. அதற்குப் பிறகு அதை மாற்றுவதற்கு அவள் எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தாள். சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் பிரேக் சோதனை செய்யும் இடத்தில் வேலை. புதிதாக வரும் ஒவ்வொரு வண்டியையும் உருளைகள் மேல் ஏற்றி, மிதித்து, நான்கு சக்கரமும் ஒரே மாதிரி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் அதைச் செய்தாள். மிதித்தால் இடப்பக்கம் இழுத்த ஒரு வண்டியைப் பாஸ் போடச் சொல்லி மேலே இருந்தவர் அவசரப்படுத்தினார். போட முடியாது என்றாள். இன்னொருவர் போட்டார். அவள் அடையாள அட்டையைக் கழற்றி அந்த வண்டியின் பானெட் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மற்றவர்களிடம் சொன்னாள். அப்பா நன்றாகத்தான் இருந்தார்.

மன்னார்குடியில் பட்டறை வைத்தபோது முதலில் வந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பொம்பளை நட்டு முடுக்கினால் நிற்குமா என்று ஒருவர் கேட்டார். நிற்காவிட்டால் நடந்து போங்கள் என்று அவரை அனுப்பிவைத்தாள். அறுவடைக் காலத்தில் இரண்டு மெஷின்கள் வயலிலேயே படுத்துவிட, ராத்திரிக்குள் அவற்றை எழுப்பிவிட்டதும் பேச்சு நின்றது, வேலை வந்தது.

ராஜ்குமார் வெளிநாட்டிலிருந்து போனில் கூப்பிட்டுத் தாத்தாவின் காரைச் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டபோது, முடியாது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வந்த வார்த்தை வேறு. அந்தக் காருக்கு ஒரு பிரேக் போட வேண்டும். அப்பா காலை வைத்துச் செய்த வேலையை ஒரு இரும்புக் குழாயும் ரப்பர் வாஷரும் செய்ய வேண்டும். இனி எந்தப் பாலத்திலும் அந்தக் காருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கட்டையோடு நடக்கக் கூடாது. அவள் ஒத்துக்கொண்டது அதற்காக, அது ஒன்றுக்காக.

கார் பட்டறைக்கு வந்த அன்று அப்பாவை வந்து பார்க்கச் சொன்னாள். அவர் வரவில்லை.

“அது நின்னா நான் தள்ளணும். ஓடினா நான் ஒதுங்கணும். இதுல பார்க்க என்ன இருக்கு?” என்றார்.

தவளை வந்து சேர்ந்த கோலம் பரிதாபம். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. தரைத் தகரத்தைத் தொட்டால் உதிர்ந்தது. ஜாஹித் அதை முழுக்க வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டங்களையும் மாற்றினான். கூரையில்லாத காருக்கு அந்தச் சட்டம்தான் முதுகெலும்பு, அது இற்றுப்போனால் நடுவில் மடங்கும். இறுகிப்போயிருந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி வாரக்கணக்கில் ஊற வைத்து, ஒரு நாள் கையால் சுற்றினாள். சுற்றியது. வயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தாள். பல்லாங்குழிக் காய் மாதிரி கெட்டியாகிவிட்ட டயர்களை மாற்றினாள்.

பிரேக்கைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் பஞ்சநதம் வாரம் தவறாமல் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். வந்தவர்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும். வீல் சிலிண்டரைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? வர்ணம் எப்போது, மின்னுவது எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஹேண்ட் பிரேக்கின் கேபிளை மட்டும் புதிதாகப் போட்டுப் பின்சக்கரங்களை அது பிடிக்கும்படி செய்து வைத்தாள். மிதிக்கிற பிரேக்குக்குச் சாமான் வர நாளாகும் என்றார்கள். சரி, அதுவரை சும்மா இருப்பானேன் என்று எஞ்சினை ஓடவிட்டாள், வர்ணம் அடிக்கக் கொடுத்தாள், சாவியை எல்லா வண்டிச் சாவியோடும் ஆணியில் மாட்டினாள். நிற்கத் தெரியாத ஒன்றை மின்ன வைத்து, ஓட வைத்து, வாசலைப் பார்க்க நிறுத்தியிருந்தாள். அன்று மதியம் மடித்த தார்ப்பாயைப் பார்த்து நின்றபோது அரசப்பன் மேல் வந்த கோபத்தில் பாதி தன் மேலும் வந்தது. அதை வைக்க இடமில்லாமல் அவள் பைக்கை எடுத்தாள்.

பாலம் தாண்டி அக்கரையில் பஞ்சநதத்தின் வீடு. வாசலில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டியிருந்தார்கள். தவளை பந்தலின் நடுவில் நின்றது. அதற்குள் பூசை போட்டாகிவிட்டது. நான்கு சக்கரத்திலும் சந்தனம் குங்குமம், நசுங்கிய எலுமிச்சம்பழங்கள்.

பஞ்சநதம் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் அவரோடு பேசுவதில் உள்ள கஷ்டம்.

“வாம்மா மதி. சாப்ட்டியா? உள்ள போய் ஒரு வாய் சாப்பிடு மொதல்ல.”

“வண்டிய யாரைக் கேட்டு எடுத்தீங்க சார்?” என்றாள். அவரை ஐயா என்று கூப்பிடாத ஒரே ஆள் அந்த வட்டாரத்தில் அவள்தான். அவருக்கு அது பிடிக்காது, ஆனால் சொல்லிக் காட்டவும் முடியாது.

என் வண்டியை நான் யாரைக் கேட்க வேண்டும் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்ல நேரம் போய்விடும் என்றுதான் எடுத்து வரச் சொன்னேன், கல்யாணம் முடிந்ததும் திரும்ப அனுப்புகிறேன், அப்புறம் நிதானமாகச் செய் என்றார். அவள் எண்ணெயைப் பற்றிச் சொன்னாள், ரப்பரைப் பற்றிச் சொன்னாள். இன்றைக்கே இங்கேயே சக்கரங்களைக் கழற்றி, எல்லாவற்றையும் கழுவி, புதுச் சாமான் போட்டுத் தருகிறேன் என்றாள். பந்தலில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூசை போட்டுப் பொட்டு வைத்த சக்கரத்தைக் ஊர்வலத்துக்கு முந்தின நாள் கழற்றுவதா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். பஞ்சநதம் அதையே கொஞ்சம் இனிமையாகச் சொன்னார். மண்டபம் அரை மைல்தானே, ஆள் நடக்கிற வேகம்தானே என்றார்.

“பாலம் இருக்கு சார்.”

“எங்கப்பா காலத்துலேருந்து அதே பாலம்தாம்மா. யாரு செத்துட்டாங்க?”

யார் எதை இழந்தார்கள் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார். அவர் குரலில் அவளைச் சமாதானப்படுத்தும் அன்பு இருந்தது.

“அதெல்லாம் யோசிக்காம இருப்பனா? மருதைகிட்ட சொல்லிட்டேன். கட்டையோட வந்துர்றேன்னுட்டான். பழைய கட்டையே இருக்கு, அவனே எடுத்து வச்சிருக்கான்.”

அறுபது தாண்டிய மனிதர். விரல் இல்லாத காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பவர். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மதிவதனி பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரு தடவை பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். தாராளமாக என்றார் பஞ்சநதம். அவள் திறந்து, குனிந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ரோட்டாரை உருவிப் பையில் போட்டுக்கொண்டு மூடியை மறுபடி மாட்டினாள். கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. அது இல்லாமல் எஞ்சின் ஆயிரம் தடவை சுற்றினாலும் பிடிக்காது. அரசப்பன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என்ன எடுத்தாள் என்று அவருக்குப் புரியவில்லை. அவர் ஓட்டியதெல்லாம் டீசல், அதில் அப்படி ஒரு துண்டே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சண்டை போட்டாள். ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டாள். அவர் கட்டையைச் சாக்கால் துடைத்துக்கொண்டே, கல்யாண வீட்டில் கூப்பிட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்றார். கூப்பிட்டது உங்களை இல்லை, கட்டையை என்றாள். அவர் கட்டையைத் திருப்பி மறுபக்கத்தைத் துடைத்தார். நாளைக்கு அந்த வண்டி கிளம்பாது, பேசாமல் வீட்டில் இருங்கள் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் அவர் போய்ச் சொல்லிவிடுவார். ஆகவே சொல்லவில்லை.

சனிக்கிழமை முழுக்க அவள் ஓர் அறுவடை மெஷினின் பெல்ட்டோடு மல்லுக்கட்டினாள். பையில் ரோட்டார் இருந்தது. நான்கு மணிக்கு அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போனதாகப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. போகட்டும், போய்ப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று நினைத்தாள்.

சாயங்காலம் ஜாஹித் கூப்பிட்டான். அவன் ஏதோ வேலையாக அக்கரைக்குப் போயிருந்தான்.

“அக்கா, வண்டி ஸ்டார்ட் ஆகல. அதனால தள்ளிக்கிட்டே போறாங்க. இப்ப பிள்ளையார் கோயில் வாசல்ல நிக்குது. தேர் மாதிரி தள்ளுவோம்னு பசங்க எல்லாம் ஒரே குஷியா இருக்கானுங்க.”

அந்தக் காரைத் தள்ளுவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் அப்பா ஆயுள் முழுக்கத் தள்ளிய கார். எஞ்சின் ஓடியிருந்தால் கியரில் வந்திருக்கும், இறக்கத்தில் அதாவது பிடித்திருக்கும்; தள்ளுகிற வண்டி நியூட்ரலில்தான் வரும். அதையும் அவள்தான் பையில் போட்டு வைத்திருந்தாள்.

ராஜ்குமாரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டே வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பினாள்.

“ராஜ்குமார், நீ ஏறப் போற வண்டில பிரேக் கிடையாது. பாலத்துல இறங்குறப்ப போயிரும். ஏறாத. ஏறினீன்னா, ஒன் வலது கைப்பக்கம், ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஹேண்ட் பிரேக் இருக்கு. அது ஒண்ணுதான் வேலை செய்யும். அதப் புடிச்சு இழு. எங்கப்பாவக் கட்டையோட விடாத.”

பாலத்தின் இக்கரை இறக்கத்தில், சாலையின் பாதியை மறித்துக் குறுவை நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். பொழுது சாய்வதால் அதைக் கூட்டிப் பெரிய அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாய் மூடிக்கொண்டிருந்தார்கள். மதிவதனி அங்கே பைக்கைப் போட்டு, அவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுப் பாலத்தில் ஏறி ஓடினாள். உச்சியில் மேளக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், அதற்குப் பின்னால் ஜெனரேட்டர் விளக்குகளின் நடுவில் பூமாலைகளால் மூடப்பட்ட தவளை. நாதஸ்வரக்காரர் ரெத்தினத்தின் வேனை அவள் போன மாதம்தான் சரிசெய்து கொடுத்திருந்தாள். அவரிடம் போய், வண்டியில் பிரேக் இல்லை, எல்லோரும் ஓரமாக ஏறி நில்லுங்கள் என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார். மேளம் நின்றதும் பெண்கள் குழம்பிப்போய், என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒதுங்கினார்கள். கோபக்காரிக்கு வழிவிடுவது அந்த ஊருக்குப் பழக்கமாகியிருந்தது.

கார் உச்சிக்கு வந்துவிட்டது. ஏற்றத்தில் அது வழக்கத்தைவிடக் கனத்ததாகப் பையன்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் ஊதி, பிரேக் பிடியை விடாமல் இறுகியிருந்தது. முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது. சாம்பிராணிப் புகையில் யாருக்கும் அது தெரியவில்லை. ராஜ்குமார் தலைப்பாகையோடு, ஸ்டியரிங்கில் இருந்த அரசப்பனுக்குப் பக்கத்தில், முன்கண்ணாடியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பா இடது பின்சக்கரத்தோடு சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார்.

“அப்பா, கட்டையக் குடுங்க.”

“கல்யாண வேலைம்மா. அப்புறம் பேசு.”

வண்டி இறக்கத்தில் மூக்கை நீட்டியது. பையன்கள் கையை எடுத்தார்கள். அரசப்பன் பிரேக்கை அழுத்தி மிதித்தார். அவர் மிதித்த வேகத்தில் முன்பக்கத்து ஹோஸ் ஒன்று பிய்ந்தது. எண்ணெய் தெருவிளக்கு வெளிச்சத்தில் கோடாகத் தெறித்தது. பெடல் தரைக்குப் போய்விட்டது. அதுவரை இறுகியிருந்த சக்கரங்கள் விட்டுவிட்டன. தவளை தானாக நகர்ந்தது.

மருதையன் கட்டையை இரண்டு கையாலும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினார். அந்த உடம்புக்கு அது மறக்கவில்லை. இரண்டு எட்டு வைத்துக் குனிந்துவிட்டார்.

“அப்பா, ஒதுங்குங்க.”

மதிவதனி கத்தவில்லை. அவரைப் போய்ப் பிடிக்கவும் இல்லை, எட்டாத தூரத்தில் நின்றாள். முன்னால் சாலை காலியாக இருந்தது, அவரும் அதைப் பார்த்தார். பின்னால் பஞ்சநதத்தின் குரல், மருதை, போடு போடு என்று கேட்டது. மருதையன் நிமிர்ந்தார். கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்து, சுவரோரமாக நின்றார். கார் அவரைக் கடந்து போயிற்று.

அரசப்பன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை; ஹேண்ட் பிரேக் வேலை செய்யும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தவளை இறக்கம் முழுவதையும் ஓடி முடித்து, தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு நெல் அம்பாரத்துக்குள் தலைகுப்புறப் புதைந்தது. முன்கண்ணாடி நொறுங்கி, துருத்திய கண்கள் இரண்டும் நெல்லுக்குள் போய்விட்டன. பின்னால் பூமாலைகள் மட்டும் தெரிந்தன.

அரசப்பனுக்கு மணிக்கட்டு முறிந்தது. ராஜ்குமாருக்கு உதடு கிழிந்து, பட்டு வேட்டியில் ரத்தம். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. நெல்லுக்குச் சொந்தக்காரி தலையில் கை வைத்துக்கொண்டு, கண்ணாடித் தூளில்லாமல் இனி இதை எப்படிப் புடைப்பேன் என்று அழுதாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

பஞ்சநதம் இறக்கத்தில் வேகமாக இறங்கி வந்தார். மகனைப் பார்த்தார், உயிரோடு இருக்கிறான் என்று கண்டார். பிறகு திரும்பினார். எண்ணெயை ஊற்றிய அரசப்பனிடம் போகவில்லை. அவளிடமும் வரவில்லை.

“கட்டை எங்கடா?” என்றார் மருதையனிடம்.

“கையிலதாங்க இருக்கு,” என்றார் மருதையன்.

மதிவதனி இவ்வளவு வருடமும் சேர்த்து வைத்திருந்த எந்தச் சொல்லையும் அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ராஜ்குமார் வேட்டி மாற்றிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தே போனான். மறுநாள் குறித்த நேரத்தில் தாலி கட்டினான். ரோட்டாரைத் தான் எடுத்ததை மதிவதனி மறைக்கவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னாள். அதனால் கதை சீக்கிரமே ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது. மருதையன் மகள் கோபத்தில் வண்டியைக் கெடுத்தாள், மருதையன் கட்டையைப் போடவில்லை, அப்பனும் மகளும் பேசி வைத்துச் செய்தார்கள். எண்ணெயைப் பற்றிய பகுதி அந்தக் கதையில் எங்கோ வழிந்து போய்விட்டது. பெரிய வீடுகளின் டிராக்டர்கள் நீடாமங்கலத்துக்குப் போக ஆரம்பித்தன. சின்ன வண்டிகள் வந்தன. அவளும் ஜாஹித்தும் சமாளித்தார்கள்.

தவளையை நெல்லிலிருந்து தோண்டி எடுத்துப் பஞ்சநதத்தின் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. தஞ்சாவூரிலிருந்து வந்த பெட்டியை அவள் பிரிக்கவே இல்லை. ரோட்டாரை அதன் மேல் வைத்திருந்தாள்.

அப்பா கட்டையை வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொண்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இனி அந்த வீட்டில் எதற்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றார். வருத்தத்தில் சொன்னாரா, நிம்மதியில் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

இரண்டு சம்பா அறுத்தாயிற்று. மூன்றாவது நடவுக்கு ஆற்றில் தண்ணீர் வந்திருந்த நாட்களில், ஒரு டிரெய்லரின் அடியில் படுத்துக்கொண்டு பிரேக் கட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ராஜ்குமார். அந்தச் சனிக்கிழமை அவள் அனுப்பிய குரல் பதிவுக்குக் கீழே, அதற்குப் பதிலாகவே எழுதியிருந்தான்.

“மதி, நல்லா இருக்கியா? தை மாசம் பையனுக்குக் காது குத்து, ஊருக்கு வர்றோம். தவளைய ரெடி பண்ண முடியுமான்னு அப்பா கேக்கச் சொன்னாங்க. நேரா கேக்க அவங்களுக்குச் சங்கடம். இந்தத் தடவை பிரேக்கை மொதல்லயே பண்ணிடு. இன்னொண்ணு சொல்லணும். நீ அன்னிக்கு அனுப்புனத நான் கோயில் வாசல்லயே கேட்டுட்டேன். எல்லாரும் நின்னாங்க, மாலை போட்டாச்சு. எப்படி இறங்குறதுன்னு தெரியல. ஹேண்ட் பிரேக் என் கைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. ஒங்க அப்பா அங்க இருக்காரு, கட்டையப் போட்ருவாருன்னு நெனச்சேன்.”